கார்பன் ஃபைபர் சைக்கிள் எத்தனை வருஷம் உழைக்கும்? வயதைவிட முக்கியமான ஒரு கேள்வி!

2021 மார்ச் 2. பெல்ஜியத்தில் 'லெ சமின்' சைக்கிள் பந்தயம் நடந்துகொண்டிருந்தது. கருங்கல் பாவிய கிராமத்துச் சாலைகள். குலுங்கிக் குலுங்கித்தான் போக வேண்டும். பந்தயத்தின் கடைசிக் கட்டத்தில், நெதர்லாந்து வீரர் மத்தியூ வான் டெர் போலின் ஹேண்டில்பாரில் ஒரு பக்கம் திடீரென முறிந்து தொங்கியது. நல்லவேளையாக அவர் விழவில்லை. மிச்சமிருந்த பிடியைப் பிடித்தபடியே பந்தயத்தை முடித்தார். அவருடைய அணியைச் சேர்ந்த டிம் மெர்லியர் அன்றைக்கு ஜெயித்தார்.

முறிந்தது கார்பன் ஃபைபர் ஹேண்டில்பார். பழசாகிப்போன பொருளும் அல்ல. அந்த மாடல் சந்தைக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. தயாரிப்பு நிறுவனமான கேன்யான், அந்த மாடலை வைத்திருந்த வாடிக்கையாளர்களிடம் ஓட்டுவதை நிறுத்தச் சொன்னது. பிறகு ஹேண்டில்பாரின் வடிவமைப்பையும் மாற்றியது.

இன்னொரு பக்கம் பாருங்கள். அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்ட், கார்பன் குழாய்கள் பொருத்திய 'லுக்' சைக்கிளில் டூர் டி ஃபிரான்ஸ் பட்டத்தை வென்றது 1986-ல். அந்தக் காலத்தை ஒட்டித் தயாரான கார்பன் சைக்கிள்கள் சில இன்றும் சாலையில் ஓடுகின்றன. சில மாதங்களில் ஒன்று முறிகிறது. முப்பது வருஷம் தாண்டியும் இன்னொன்று ஓடுகிறது. அப்படியானால் கார்பன் பாகங்களின் ஆயுள்தான் எவ்வளவு?

தலைமுடியைவிட மெல்லிய இழை

கார்பன் ஃபைபரின் ஓர் இழை 5 முதல் 7 மைக்ரான் தடிமன்தான். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. இந்த இழைகளைத் துணிபோல அடுக்கடுக்காக வைத்து, 'எபாக்ஸி' என்ற பிசினால் ஒட்டி, அச்சில் வைத்துச் சூடாக்கி இறுக்குகிறார்கள். இழை பலத்தைக் கொடுக்கிறது. பிசின் இழைகளை இடம் மாறாமல் பிடித்துக்கொள்கிறது.

ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒரு கட்டத்தில் ஒடிந்துவிடும் அல்லவா? உலோகம் களைத்துப்போவது இப்படித்தான். அலுமினியத்துக்கு இந்தத் தொல்லை அதிகம். சின்னச் சின்ன அழுத்தம்கூட அதன் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். கார்பன் இந்த விஷயத்தில் கெட்டிக்காரப் பொருள். முறையாகச் செய்த கார்பன் ஃப்ரேம், தினசரி ஓட்டத்தால் மட்டும் களைத்துப்போவது அரிது.

சைக்கிள்களுக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 4210-ன்படி, பெடல்களில் மாறி மாறி விசை கொடுத்து ஃப்ரேமை 1,00,000 முறை சோதிக்கிறார்கள். 2011-லிருந்து பயணிகளை ஏற்றிச்செல்லும் போயிங் 787 விமானத்தின் எடையில் சுமார் பாதி, கார்பன் ஃபைபர் போன்ற கூட்டுப்பொருள்கள்தான். நாள் கணக்கு மட்டுமே கார்பனை வீழ்த்திவிடாது.

அடி பட்டால் அழாது!

கார்பனுக்கு எதிரி வேறு. இழைகள் தங்கள் நீளவாக்கில் இழுத்தால் அபாரமாகத் தாங்கும். பக்கவாட்டில் ஒரு கூர்மையான அடி விழுந்தால் கதை மாறுகிறது. சுவரில் சாய்த்து வைத்த சைக்கிள் சரிந்து படிக்கட்டின் விளிம்பில் மோதினாலே போதும். உள்ளே ஒட்டியிருக்கும் அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியக்கூடும்.

உலோகமாக இருந்தால் அடிபட்ட இடம் நசுங்கும், பார்த்ததும் தெரியும். கார்பன் பல நேரங்களில் பழைய வடிவத்துக்கே திரும்பிவிடும். வெளியே பெயின்ட்டில் ஒரு கீறல் மட்டும் தெரியும். உள்ளே விரிசல் மெள்ள வளரும். ஒருநாள் பள்ளத்தில் இறங்கும்போது, முன்னறிவிப்பே இல்லாமல் முறியும். அது முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்காகவோ, ஹேண்டில்பாராகவோ இருந்தால், ஓட்டுபவர் முகம் குப்புற விழுவார்.

இதற்காக உலோகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் முடியாது. டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஆகஸ்ட் மாதம், ஆஸ்திரேலிய வீரர் அலெக்ஸ் போர்ட்டரின் ஹேண்டில்பார் நடுப்பந்தயத்தில் கழன்று, அவர் தளத்தில் முகம் மோதி விழுந்தார். முறிந்தது முப்பரிமாண அச்சில் செய்த டைட்டானியம் பாகம்!

ஐந்து நியூட்டன் மீட்டர் ரகசியம்

கார்பன் பாகங்கள் சேதமாவதற்கு இன்னொரு பெரிய காரணம், சாலையில் இல்லை. ஸ்பேனர் பிடிக்கும் கையில் இருக்கிறது. ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ளும் 'ஸ்டெம்' பாகத்தின் போல்ட் அருகே, பெரும்பாலும் '5 நியூட்டன் மீட்டர்' என்பது போன்ற அளவு அச்சிடப்பட்டிருக்கும். 10 சென்டிமீட்டர் நீளமுள்ள சாவியின் நுனியில் சுமார் 5 கிலோ எடையை வைத்தால் எவ்வளவு முறுக்கு விழுமோ, அவ்வளவுதான் அது. 'லூஸாக இருக்கக் கூடாது' என்று அதற்குமேல் பலம் காட்டினால், கார்பன் குழாய் அந்த இடத்தில் நசுங்கிவிடும். முறுக்கை அளந்து காட்டும் 'டார்க் ரெஞ்ச்' கார்பன் சைக்கிள் வைத்திருப்பவர் வீட்டில் கட்டாயம் இருக்க வேண்டிய கருவி.

வழுக்குகிறதே என்று இன்னும் இறுக்கவும் கூடாது. நறநறவென்று மணல்போலத் துகள் கலந்த 'கார்பன் பேஸ்ட்' தனியாகக் கிடைக்கிறது. அதைத் தடவினால் குறைந்த முறுக்கிலேயே பாகம் பிடித்துக்கொள்ளும்.

வெயில், வியர்வை, பிரேக்

எபாக்ஸி பிசினைப் புற ஊதாக் கதிர்கள் மெள்ள அரிக்கும். அதைத் தடுக்கத்தான் மேலே பெயின்ட்டும் பளபளப்புப் பூச்சும் இருக்கின்றன. பூச்சு உரிந்த சைக்கிளை வருஷக்கணக்கில் வெயிலில் நிறுத்திவைப்பது நல்லதல்ல.

உப்பும் வியர்வையும் கார்பனை அரிப்பதில்லை. ஆனால், கார்பனைத் தொட்டுக்கொண்டிருக்கும் அலுமினியத்தை அரிக்கும். பழைய சைக்கிள்களில் கார்பன் குழாய்களை அலுமினிய இணைப்புகளில் ஒட்டியிருப்பார்கள். அவற்றில் முதலில் விட்டுப்போவது பெரும்பாலும் அந்த இணைப்புதான்.

ரிம்மை நேரடியாகப் பிடிக்கும் பிரேக் உள்ள கார்பன் சக்கரங்களுக்கு ஆயுள் குறைவு. நீண்ட மலை இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வந்தால், சூட்டில் பிசின் இளகி ரிம் உருக்குலைய வாய்ப்புண்டு. உரசி உரசித் தேய்மானமும் உண்டு. டிஸ்க் பிரேக் சைக்கிள்களில் இந்தப் பிரச்னை இல்லை.

வீட்டிலேயே எப்படிச் சோதிப்பது?

* சைக்கிளைச் சுத்தமாகத் துடைத்து, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். கீறல், குமிழ், பெயின்ட் வெடிப்பு இருக்கிறதா?

* பருத்தித் துணியால் குழாய்களைத் தடவுங்கள். நூல் சிக்கினால், அங்கே இழை வெளியே வந்திருக்கலாம்.

* சந்தேகமான இடத்தை நாணயத்தால் மெதுவாகத் தட்டுங்கள். சுற்றிலும் கணீரென்று ஒலித்து, ஓரிடத்தில் மட்டும் மந்தமாகக் கேட்டால் உஷார். மறுபக்கத்தில் அதே இடத்தைத் தட்டி ஒப்பிடுங்கள். இது முதல் சோதனைதான். உறுதிசெய்ய அல்ட்ராசவுண்ட் சோதனை இருக்கிறது.

* புதிதாக 'கிரீச்' சத்தம் வந்தால் அலட்சியம் வேண்டாம். போல்ட்டா, பெடலா, விரிசலா என்று தெரிந்த பிறகே ஓட்டுங்கள்.

* பலமாக விழுந்திருந்தால், ஹேண்டில்பாரும் ஃபோர்க்கும் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் நிபுணரிடம் காட்டுங்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் மாற்றிவிடுவதே புத்திசாலித்தனம்.

ஃப்ரேமில் விரிசல் விழுந்தால் குப்பையில் போட வேண்டியதில்லை. சேதமான பகுதியைச் சுரண்டி எடுத்து, புதிய அடுக்குகளை ஒட்டிச் சரிசெய்யும் தொழில்நுட்பம் இருக்கிறது. ஹேண்டில்பாருக்கும், ஃபோர்க்கின் மேல்தண்டுக்கும் மட்டும் அந்த ரிஸ்க் வேண்டாம்.

பழைய சைக்கிள் வாங்குகிறீர்களா?

புதிதாக வாங்கினால் விலை லட்சத்தில் போகிறது என்பதால், மகனுக்கோ மகளுக்கோ செகண்ட் ஹேண்டில் வாங்க நினைக்கும் பெற்றோர்கள் உண்டு. 'எந்த வருஷ மாடல்?' என்பதுதான் வழக்கமாக வரும் முதல் கேள்வி. அதைவிட முக்கியமானது, 'எப்போதாவது விழுந்திருக்கிறதா?' என்பது.

பதிலை மட்டும் நம்ப வேண்டாம். ஓரிடத்தில் மட்டும் புது பெயின்ட் தெரிகிறதா என்று பாருங்கள். ஹேண்டில்பாரில் சுற்றிய டேப்பைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். சீட் போஸ்ட்டையும் ஃபோர்க்கையும் கழற்றிப் பார்க்க மெக்கானிக் ஒருவரை அழைத்துப்போங்கள். முக்கியமாக, வாரன்ட்டியை நம்பி வாங்காதீர்கள். பெரிய நிறுவனங்கள் ஃப்ரேமுக்குத் தரும் 'ஆயுட்கால வாரன்ட்டி' பெரும்பாலும் முதலில் வாங்கியவருக்கு மட்டும்தான். விபத்துச் சேதமும் அதில் சேராது.

விழாமல், நசுங்காமல் பார்த்துக்கொண்ட பத்து வருஷச் சைக்கிளை நம்பி ஏறலாம். போன வாரம் கீழே விழுந்த புத்தம் புது சைக்கிளை, சோதிக்காமல் தொடக் கூடாது. கார்பன் தனக்குப் பட்ட அடியைத் தானாகச் சொல்லாது. கேட்டும் தட்டியும் பார்த்தும் நாம்தான் தெரிந்துகொள்ள வேண்டும்!