இருட்டு கேட்ட செவ்வந்தி

அம்மா கொடுத்தனுப்பிய செவ்வந்திக் கன்று எங்கள் வீட்டு வாசலில் இரண்டு வருஷம் தழைத்ததே தவிர, மொட்டு விடவில்லை. "மலட்டுச் செடி, பிடுங்கிப் போடு" என்றார் எதிர்வீட்டு அக்கா. கல்யாணமாகி ஐந்து வருஷம் அந்தச் சொல்லை நானும் கேட்டவள். பிடுங்க மனசு வரவில்லை.

பூச்செடி விற்கும் அண்ணாச்சியிடம் கேட்டேன். "இதுக்கு ராத்திரி நீண்ட இருட்டு வேணும்மா. வாசல் லைட்டு விடிய விடிய எரிஞ்சா எப்படிப் பூக்கும்? ஓசூர்ப் பக்கம் பூவைத் தள்ளிப்போடவே தோட்டத்துல பல்பு போடுதாங்க" என்றார்.

ஆவணியில் தொட்டியைப் புறவாசலுக்கு மாற்றினேன். பகலெல்லாம் வெயில், ராத்திரி நல்ல இருட்டு. கார்த்திகையில் கொத்துக் கொத்தாக மஞ்சள் பூ!

பூத்து ஓய்ந்ததும் தண்டை வெட்டிவிட்டேன். அடியில் பக்கக் கன்றுகள் வந்தன. எதிர்வீட்டு அக்காவே ஒன்று கேட்டார். கொடுத்தேன்.

தோழிகளே, செடியைக் குறை சொல்லுமுன் லைட்டைப் பாருங்கள்!

- ஒரு வாசகி, பாளையங்கோட்டை