கண்மாய் நிறைந்தால்தான் கிணறு ஊறும்!

புதுக்கோட்டை மாவட்டத்தில் அடி அடியாகக் கீழே போகும் தண்ணீர்

புதுக்கோட்டை,

ஆண்டு முழுவதும் தண்ணீர் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லாத மாவட்டம் புதுக்கோட்டை. தெற்கு வெள்ளாறு, அக்னியாறு, அம்புலியாறு, பாம்பாறு என்று பெயர் சொல்ல ஆறுகள் உண்டு. மழை பெய்தால் ஓடும். மழை நின்றால் மணல்தான்!

ஆனாலும் இங்கே நெல் விளைகிறது. வாழை, கடலை, தென்னை எல்லாம் உண்டு. கீரமங்கலம் பூ மார்க்கெட்டில் விடிவதற்குள் வியாபாரம் சூடு பிடித்து விடுகிறது. இவ்வளவுக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

முன்பு கண்மாய் கொடுத்தது. இன்று பெரும்பாலும் போர் கொடுக்கிறது. இந்த இரண்டையும் தனித்தனி சொத்தாக நினைத்ததுதான் வினையாகி விட்டது.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

ஐயாயிரம் கண்மாய்

மாவட்டத்தில் கண்மாய், குளம், ஏந்தல் என்று ஐயாயிரத்துக்கும் மேல் இருப்பதாகக் கணக்கு. ஊருக்கு மேலே பெய்த மழை வரத்து வாரி வழியாகக் கண்மாய்க்கு வரும். அது நிறைந்து கலிங்கு வழிந்தால் கீழே உள்ள கண்மாய்க்குப் போகும். இப்படியே சங்கிலிபோல ஆறு வரை, கடல் வரை.

பழைய கண்மாய்களில் குமிழிக் கல்தூண்களைப் பார்க்கலாம். அமைத்துக் கொடுத்தவர் பெயர் வெட்டிய தூண்களும் உண்டு. மன்னர் காலத்தில் 1878-ல் திவானாக வந்த சேஷையா சாஸ்திரி, நகரத்துக் குளங்களைச் சீர் செய்ததை இன்றும் ஊரில் சொல்வார்கள்.

கண்மாயில் நின்ற தண்ணீர் மடை வழியாக வயலுக்குப் போனது பாதி வேலை. சத்தம் இல்லாமல் மண்ணுக்குள் இறங்கி, சுற்றியுள்ள கிணறுகளை ஊற வைத்தது மீதி வேலை. இந்த இரண்டாவது வேலையைத்தான் நாம் மறந்து போனோம்.

மோட்டார் நிற்கவில்லை

1990-ல் விவசாயத்துக்கு இலவச மின்சாரம் வந்தது. கஷ்டப்பட்ட விவசாயிக்கு அது பெரிய ஆறுதல். அதே சமயம், மோட்டாரை நிறுத்தணும் என்ற அவசியமும் இல்லாமல் போயிற்று.

ஆலங்குடி, வடகாடு, கொத்தமங்கலம் பக்கம் கமலை கட்டி இறைத்த கிணறுகள் வற்றின. போர் போட்டார்கள். அதுவும் வற்றியது. இன்னும் ஆழமாகப் போட்டார்கள். பக்கத்து வயல்காரர் அதைவிட ஆழமாகப் போட்டார். கடன் வாங்கிப் போட்ட போரில் புகைதான் வந்தது என்றால் அந்தக் குடும்பம் என்ன பாடுபடும்?

போர் இருக்கிறதே என்ற தைரியத்தில் கண்மாயை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வரத்து வாரியில் ஆக்கிரமிப்பு. உள்வாயில் சீமைக் கருவேல். காட்டில் தைல மரத்துக்காக வரப்பு போட்டு மழைத் தண்ணீரை மறித்து விட்டார்கள் என்பது விவசாயிகளின் நெடுநாள் புகார்.

மேற்கே பாறை, கிழக்கே மணல்

விராலிமலை, குளத்தூர், திருமயம் பக்கம் பூமிக்கு அடியில் பாறை. வெடிப்புகளில்தான் தண்ணீர் நிற்கும். கண்மாய் நிறைந்தால் கிணறு சீக்கிரம் ஊறும். இறைத்தால் சீக்கிரம் வற்றும்.

ஆலங்குடி, அறந்தாங்கி பக்கம் அடியில் மணலும் களியும் அடுக்கடுக்காக உள்ளன. தண்ணீர் அதிகம் பிடிக்கும். ஆனால் பல நூறு அடி ஆழத்தில் உள்ள தண்ணீர் நேற்று பெய்த மழை அல்ல. அது சேர நெடுங்காலம் ஆகும். கடற்கரை ஓரத்தில் அளவுக்கு மேல் உறிஞ்சினால் உப்புத் தண்ணீர் உள்ளே வந்து விடும்.

ஆக வரிசை இதுதான்: முதலில் கண்மாய்த் தண்ணீர். அது குறைந்தால் கிணறு. வேறு வழியே இல்லை என்றால் ஆழமான போர். நாமோ தலைகீழாகச் செய்கிறோம்!

மொய்க் கணக்கு

ஆடி மாதம் வந்தால் இந்தப் பகுதியில் மொய் விருந்து களைகட்டும். வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்யாதவர் ஊரில் தலைகாட்ட முடியாது. நோட்டுப் போட்டு எழுதி வைத்திருப்பார்கள்.

பூமியிடம் வாங்கிய தண்ணீருக்கு மட்டும் நோட்டு இல்லை!

ஆண்டுக்குச் சுமார் 900 மில்லி மீட்டர் மழை என்று வைத்துக் கொண்டால், ஒரு ஏக்கரில் விழுவது சுமார் 36 லட்சம் லிட்டர். அதில் ஒரு பங்கையாவது கண்மாயில் நிறுத்தி மண்ணுக்குள் இறக்கினால், அதுதான் நாம் திருப்பிச் செய்யும் மொய்.

2018 நவம்பர் 16-ந் தேதி "கஜா" புயல் அடித்தது. தென்னைகள் சாய்ந்தன. மின் கம்பங்களும் சாய்ந்தன. கரண்டு இல்லை என்றால் போர் வெறும் குழாய்தான் என்பது அன்று புரிந்தது. அடுத்த ஆண்டே கொத்தமங்கலம் இளைஞர்கள் நன்கொடை திரட்டிக் குளங்களைத் தூர்வாரக் கிளம்பினார்கள்.

தஞ்சையில் எப்படி?

பக்கத்துத் தஞ்சையில் பம்புசெட் வைத்திருப்பவர்கள் மேட்டூர் திறக்கும் வரை காத்திருப்பது இல்லை. குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் குறுவை நாற்று விட்டு விடுவார்கள். ஆற்றுத் தண்ணீர் வந்ததும் நடவு. இரண்டு தண்ணீரும் ஒரே பயிருக்கு உதவுகின்றன.

1934 முதல் ஓடும் கல்லணைக் கால்வாயின் கடைமடை நம் மாவட்டத்து மும்பாலை. அங்கும் அதேபோல் கால்வாயும் கண்மாயும் கிணறும் சேர்ந்தால்தான் பயிர் பிழைக்கும்.

புதுக் கால்வாய் வந்தால்?

காவிரி - வைகை - குண்டாறு இணைப்புத் திட்டத்துக்கு 2021 பிப்ரவரி 21-ந் தேதி விராலிமலை அருகே குன்னத்தூரில் அன்றைய முதல்-அமைச்சர் எடப்பாடி பழனிசாமி அடிக்கல் நாட்டினார். மாயனூர் கதவணையில் இருந்து சுமார் 262 கி.மீ. நீளம். அன்றைய மதிப்பீடு 14 ஆயிரத்து 400 கோடி ரூபாய்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தத் திட்டத்தில் வரப்போவது வெள்ள உபரித் தண்ணீர். காவிரியில் வெள்ளம் வரும் நாட்களில்தான் வரும். அதை எங்கே நிறுத்துவது? கண்மாயில்தான்! வரத்து வாரி அடைபட்டு, கண்மாய் மேடாகிக் கிடந்தால் வந்த வெள்ளம் கடலுக்குத்தான் போகும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கிணறு ஊறட்டும் என்று மடையை அடைத்தே வைத்தால் கிணறு உள்ளவருக்கு லாபம். கிணறு இல்லாத சிறு விவசாயிக்கு? கண்மாய்த் தண்ணீரில் அவர் பங்கு போய் விடும். ஆயக்கட்டில் பொதுக் கிணறு வெட்டி முறை வைத்துப் பாய்ச்சினால்தான் நியாயம்.

"நமக்கு என்ன, காவிரிக் குடிநீர் வருதே" என்று டவுனில் இருப்பவர்கள் சொல்லலாம். கீழ ராஜ வீதிக் கடைகளில் வியாபாரம் நடப்பது கிராமத்தில் விளைச்சல் இருந்தால்தான்!

ஐப்பசி மழைக்கு முன்பு ஒவ்வொரு ஊரிலும் வரத்து வாரியைத் திறந்து விட்டாலே பாதிக் கிணறு பிழைக்கும். பல ஊர்களில் அதற்குக் கோடிகள் தேவை இல்லை. மண்வெட்டியும் ஊர்க் கட்டுப்பாடும் போதும்.