உப்புக் காற்றும் ஒரு பழைய வண்டியும்

உப்புவெளியில் பழைய லாண்ட் ரோவர் ஒன்றை வைத்து ஆள்வதென்பது, கடற்காற்றோடு நாள்தோறும் வழக்காடுவதாகும். இங்கிலாந்தில் 1948-இல் இவ்வண்டி பிறந்தபோது, போருக்குப் பிந்திய உருக்குத் தட்டுப்பாட்டினால் அதன் மேனியை அலுமினியக் கலவையில் அமைத்தனர். திருகோணமலைத் தளத்தைப் பிரித்தானியக் கடற்படை இலங்கையிடம் ஒப்படைத்த 1957-இலேயே, அதற்கு டீசல் எஞ்சினும் வாய்த்தது. தீப்பொறி வேண்டாத எஞ்சினாதலால், மாரிமழையிலும் என் வண்டி முரண்டு பிடிப்பதில்லை.

காண்போர், "துருவே இல்லையே!" என வியப்பர். ஆனால், அனைத்தையும் தாங்கும் அடிச்சட்டம் உருக்கன்றோ? உப்பு அதனை உள்ளிருந்தே அரிக்கும். சென்ற மாரிக்குப் பின் சுத்தியலால் தட்டியபோது, ஓரிடத்தில் ஒலி மழுங்கிற்று. அப்பகுதியை வெட்டி நீக்கிப் புதுத் தகடு பற்றவைப்பித்தேன். கடற்கரையிலிருந்து திரும்பும்போதெல்லாம், நன்னீரால் முதலில் அடிச்சட்டத்தையே கழுவுகிறேன். குனிந்து அடியைப் பார்ப்பவனிடந்தான், வாசகர்காள், பழைய வண்டி நெடுநாள் வாழும்.