மாம்பழ ஈயின் இனமறிதல்

ஏகாம்பரநாதர் ஆலயத்தில் மாவே தலவிருட்சமாக விளங்கும் காஞ்சீபுரத்திலும், கனிந்த பழத்தை அறுத்தால் புழு நெளிவதுண்டு. அது பழ ஈ இட்ட முட்டையினின்று பிறந்தது. இன்ன ஈயின் புழுவென்று கண்ணால் பிரித்தறிதல் அரிது. அதன் மைட்டோகாண்டிரியாவிலுள்ள மரபுச் சரடோ ஏறக்குறைய 15,900 எழுத்துக்களும் 37 மரபணுக்களும் உடையது. அதனைப் படிக்கின் இனம் புலப்படும்.

ஆப்பிரிக்காவில் 2003-ல் காணப்பட்டு, 2005-ல் புதிய இனமெனப் பெயர் பெற்ற ஈ, நம் நாட்டு மா ஈயே என்று 2015-ல் முடிவாயிற்று. மரபுச் சான்றும் அதற்குத் துணையாயிற்று.

இதனாற் பயன் யாதெனில், மீதைல் யூஜினால் பொறி மா ஈயின் ஆணை இழுக்கும். பாகல், பூசணியைக் கெடுக்கும் ஈயை இழுக்காது. இனமறியாது வைத்த பொறி வீண் செலவேயாம்.

தோப்புடையோர் பொறி கட்டுவதோடு, உதிர்ந்த பழங்களை நாள்தோறும் பொறுக்கி அழித்து, மரத்தடியைக் கொத்திக் கூட்டுப்புழுக்களை வெயிலிற் காயவிடுக. அயல் தோப்பு ஈ எல்லை அறியாது; ஆதலின் கிராம அதிகாரிகள் ஊர் முழுதும் ஒருங்கே இதனைச் செய்வித்தல் வேண்டும்.