பிரயாணம் செய்த வீடுகள்

பத்திரம் எழுதுகிறவர்கள் வீடு, மனை முதலியவற்றை 'ஸ்தாவர சொத்து' என்று குறிப்பிடுவது வழக்கம். இருந்த இடத்தை விட்டு அசையாதது என்று அதற்குப் பொருள். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் உள்ள தக்ஷிணசித்ராவைப் பார்த்து விட்டு வருகிறவர்களுக்கு இந்தச் சொல்லில் உள்ள நம்பிக்கை சற்று ஆட்டங் கண்டுவிடும். வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் செட்டிநாட்டிலும் கோட்டயத்துப் பக்கத்திலும் கட்டப்பட்ட வீடுகள், தூண் தூணாகவும் உத்தரம் உத்தரமாகவும் பிரிக்கப்பட்டு, பிரயாணம் செய்து வந்து, இங்கே வங்கக் கடலின் காற்றை வாங்கிக் கொண்டு நிற்கின்றன.

தாம்பரத்து வாசிகளுக்கு வழி சுலபம். மேடவாக்கம், சோழிங்கநல்லூர் மார்க்கமாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையை அடைந்து, தெற்கே திரும்பி, உத்தண்டியையும் கானத்தூரையும் தாண்டினால் முட்டுக்காடு. செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சுவீடன் தேசத்தின் தலைநகரமான ஸ்டாக்ஹோமில் 1891-ஆம் வருஷத்திலேயே இத்தகைய காட்சிசாலை ஒன்று ஏற்பட்டது. யந்திரத் தொழில் பெருகிக் கிராமங்கள் உருமாறுவதைக் கண்ட ஹாசேலியஸ் என்பவர், பல ஜில்லாக்களிலிருந்தும் பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டு வந்து ஸ்கான்சென் என்ற குன்றின்மேல் நிறுவினார். இங்கே அந்தக் காரியத்தை மேற்கொண்டது, 1984-ல் அமைந்த மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் என்னும் சங்கம். அதை நிறுவிய டெபோரா தியாகராஜன் அம்மையார் அமெரிக்காவில் பிறந்தவர். கட்டட அமைப்புக்கு யோசனை தந்த லாரி பேக்கரோ, இங்கிலாந்தில் பிறந்து, காந்தியடிகளைச் சந்தித்ததனால் மனம் மாறி, இந்தியாவையே தம் வீடாக்கிக் கொண்டவர். அவர் வகுத்த வழியில் வேலையை நிறைவேற்றியவர் கேரளத்துச் சிற்பி பென்னி குரியகோஸ். 10 ஏக்கர் நிலத்தில் எழுந்த இக்காட்சிசாலை 1996 டிசம்பரில் திறக்கப்பட்டது. நம் பாட்டனார் வீட்டுத் திண்ணையின் அருமையை நமக்கு எடுத்துச் சொல்லக் கடல் கடந்து ஆட்கள் வரவேண்டியிருந்தது என்பதை எண்ணினால் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. பரவாயில்லை, வெட்கப்பட்டுக் கொண்டே உள்ளே போகலாம்.

செட்டிநாட்டு வர்த்தகர் வீட்டின் முன்னால் யாரும் சற்று நின்று விடுவார்கள். பளபளக்கும் தூண்கள், நிமிர்ந்து பார்க்க வைக்கும் சித்திர வேலை செய்த நிலை. நகரத்தார் பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் லேவாதேவி செய்து சம்பாதித்த பணம் செட்டிநாட்டு வீடுகளாக மாறிற்று. தேக்கு பர்மாவிலிருந்து வந்தது. சலவைக்கல் இத்தாலியிலிருந்து வந்தது. சுண்ணாம்பையும் முட்டை வெண்கருவையும் கலந்து சுவரைக் கண்ணாடியாக்கும் வித்தை மட்டும் ஊரிலேயே இருந்தது. ஆங்கிலேயருடைய கொடி பறந்த இடமெல்லாம் சென்று பொருள் தேடியவர்கள், வீட்டை மட்டும் தங்கள் வழக்கத்துக்கு ஏற்றபடியே கட்டினார்கள். நடுவில் வானம் பார்த்த வளவு. சுற்றிலும் கல்யாணமான ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அறை. கூரை ஒன்று, அடுப்பு மட்டும் தனித் தனி. ஒவ்வொரு தம்பதியும் ஒரு 'புள்ளி'. கூட்டுக் குடும்பம் என்றால் எல்லாருக்கும் ஒரே பானை என்று நினைக்கிறவர்கள் இந்த ஏற்பாட்டைக் கவனிக்க வேண்டும். மாமியார் மருமகள் சச்சரவில் பாதி இதனாலேயே தீர்ந்திருக்கும் என்பது நமது அபிப்பிராயம்.

1942-ல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தபோது அந்தச் செல்வத்தின் வேர் அறுந்தது. பிறகு வீடுகளைப் பராமரிக்க முடியவில்லை. பங்காளிகள் பல ஊர்களுக்குப் பிரிந்து போனார்கள். பிரிக்கப்பட்ட மாளிகைகளின் தூண்களும் கதவுகளும் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் விற்பனைக்குச் சாத்தி வைக்கப்பட்டிருக்கின்றன. நிலைவாசல் ஒருவர் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடிக்குச் சட்டமாகிறது. தூண் இன்னொரு நகரத்து ஹோட்டலுக்குப் போகிறது. முட்டுக்காட்டில் அவை ஒரே கூரையின்கீழ் ஒரே வீடாக இருப்பதன் மதிப்பு, அந்தக் கடைகளைப் பார்த்தவர்களுக்குத்தான் நன்றாக விளங்கும்.

புதுப்பள்ளியிலிருந்து வந்திருக்கும் சிரியன் கிறிஸ்தவர் வீடு 1850-ல் கட்டப்பட்டது. அது பெரும்பாலும் மரத்தாலானது. பலகையோடு பலகை கோத்த வேலை. ஆகவே பிரித்து மறுபடி பூட்டுவது ஓரளவு சாத்தியம். செங்கற் சுவர் அப்படியல்ல. அதை இடிக்கத்தான் முடியும், எடுத்து வர முடியாது. பழைய கதவும் தூணும் உத்தரமும் வந்தால், சுவரைப் புதிதாகத்தான் எழுப்ப வேண்டும். அதற்கும் அந்தந்தப் பிரதேசத்துக் கொத்தர்களும் தச்சர்களும் வேண்டியிருந்தது. வீட்டைக் காப்பாற்றப் போன இடத்தில் கைத்தொழிலுக்கும் கொஞ்சம் உயிர் வந்தது. அப்படியானால் இது பழைய வீடா, புதிய வீடா என்று தர்க்கம் செய்பவர்கள் செய்யட்டும். எதிர் வீடு இல்லை, தெருக்கோடிக் கோயில் இல்லை, கூடத்தில் இருமும் தாத்தா இல்லை. அவற்றை எந்த லாரியிலும் ஏற்ற முடியாது. ஆனாலும் அந்தத் திண்ணையில் உட்கார்ந்தால் முதுகு சாய்வதற்கு ஏற்ற இடத்தில் தூண் இருக்கிறது. அந்த அளவு ஒரு புத்தகத்திலும் கிடைக்காது.

திரும்பித் தாம்பரம் வரும்போது நம் கண் பழைய வீடுகளையே தேடுகிறது. 1931-ல் மின்சார ரயில் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரையில் ஓடத் தொடங்கியது. 1937-ல் கிறிஸ்தவக் கல்லூரி சேலையூர்க் காட்டுக்குக் குடிவந்தது. அந்தக் காலத்து வீடுகளில் ஓட்டுக்கூரையும் தாழ்வாரமும் கிணறும் வேப்பமரமும் உண்டு. சித்திரத் தூண்கள் கிடையா. ஆகையால் அவற்றைப் பிரித்து எடுத்துச் செல்ல யாரும் வரப்போவதில்லை. அடுக்கு மாடிக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுக்கும் நேயர்களிடம் நாம் கேட்பது ஒரு நாள் அவகாசந்தான். பிள்ளைகளிடம் ஓர் அளவு நாடாவைக் கொடுங்கள். தாழ்வாரத்தின் அகலத்தையும் திண்ணையின் உயரத்தையும் குறிக்கச் சொல்லுங்கள். நான்கு புறமும் நின்று படம் பிடியுங்கள். மங்களூர் ஓடாக இருந்தால் ஒன்றைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். எந்தத் தொழிற்சாலையில் செய்தது என்று அதிலேயே அச்சாகியிருக்கும்.