பேரைப் பார்க்காதீங்க... பேரலைப் பாருங்க! தாத்தா காலத்துத் துப்பாக்கியின் தரத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

சேலையூர், குரோம்பேட்டை பக்கம் பழைய வீடுகளை இடித்து ஃபிளாட் கட்டும்போது பரணிலிருந்து என்னென்னவோ இறங்கும். அபூர்வமாகச் சில வீடுகளில், தாத்தா லைசென்ஸோடு வைத்திருந்த இரட்டைக்குழல் துப்பாக்கியும் இருக்கும். உடனே ஒரு மாமா, "இங்கிலாந்து மேக்டா, பல லட்சம் போகும்" என்பார். சித்தப்பாவோ, "பேரே தெரியாத கம்பெனி, காயலான் கடைக்குத்தான் போகும்" என்பார். ரெண்டு பேருமே பார்த்தது மேலே பொறித்திருக்கும் பெயரை மட்டும்தான்!

முதல்ல லைசென்ஸ்

லைசென்ஸ் தாத்தா பெயரில் இருந்தால், அது அவருக்கு மட்டும்தான். "நூறு வருஷப் பொருள், ஆன்டிக்தானே?" என்ற சமாதானம் செல்லாது. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம் விலக்கு தருவது, ரிப்பேர் செய்தாலும் சுட முடியாத பழங்கால ஆயுதங்களுக்கு மட்டுமே. மற்றபடி லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் சிறைத்தண்டனை வரை போகும்.

அதனால், தாமதிக்காமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ, லைசென்ஸ் பெற்ற துப்பாக்கி டீலரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். பிறகு, வாரிசு என்ற முறையில் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கலாம். 2022-ல் தொடங்கிய தாம்பரம் காவல் ஆணையரக எல்லைக்குள் இருந்தால் கமிஷனரிடம், அதைத் தாண்டினால் கலெக்டரிடம். போட்டோ எடுத்து 'ஃபார் சேல்' என்று வாட்ஸ்அப் குரூப்பில் போடும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

அந்தப் பெயர் யாருடையது?

பெரும்பாலும் விற்றவருடையது. மவுன்ட் ரோட்டில் இருந்த ஓக்ஸ் அண்ட் கோ, கடிகாரத்துக்குப் பெயர்போன பி.ஆர் அண்ட் சன்ஸ் போன்ற மெட்ராஸ் கடைகளின் பெயர் பொறித்த துப்பாக்கிகள் இன்றும் உண்டு. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் பேரல் செய்ய ஒருவர், லாக் செய்ய ஒருவர், கட்டை இழைக்க ஒருவர் என வேலையைப் பிரித்துக்கொண்டு செய்வார்கள். அதை வாங்கி விற்ற கடைக்காரர் தன் பெயரைப் போட்டுக்கொள்வார். அதனால் கேள்விப்படாத பெயர் என்பதாலேயே மட்டமான துப்பாக்கி ஆகிவிடாது.

பேரலுக்கு அடியில் இருக்கிறது ஜாதகம்

இனி வருவதையெல்லாம் டீலர் செய்யட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள். பேரலைக் கழற்றித் திருப்பினால் அடியில் குட்டிக் குட்டி முத்திரைகள் தெரியும். பிரிட்டனில் வழக்கத்தைவிட அதிக மருந்து போட்டுச் சுட்டுப் பார்த்து, பேரல் தாங்கினால்தான் இந்த முத்திரை கிடைக்கும். லண்டனிலும் பர்மிங்காமிலும் இதற்கென்றே சோதனை நிலையங்கள் உண்டு. பர்மிங்காம் நிலையம் 1813-ல் வந்தது.

* 'நாட் ஃபார் பால்' என்று ஆங்கிலத்தில் இருந்தால், அது 1875 - 1887 காலத்துச் சரக்கு.

* 'நைட்ரோ ப்ரூஃப்' என்பது 1904-க்குப் பிறகு வழக்கமான முத்திரை. இன்றைய புகையில்லா மருந்துக்குச் சோதித்தது என்று அர்த்தம். இது இல்லாத பேரல் பெரும்பாலும் கரிமருந்துக்குச் செய்தது. அதில் இன்றைய தோட்டாவைப் போட்டால் பேரல் வெடிக்கலாம்.

* முட்டை வடிவத்துக்குள் 'ஈ.எல்.ஜி' என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால், மாமா சொன்ன 'இங்கிலாந்து மேக்' கதை முடிந்தது. அது பெல்ஜியத்தின் லியேஜ் நகர முத்திரை.

தட்டுங்க, ஆட்டுங்க

பேரலை மட்டும் தொங்கவிட்டு மெதுவாகத் தட்டினால் மணி மாதிரி 'ணங்' என்று ஒலிக்க வேண்டும். 'டொக்' என்றால், இரண்டு குழல்களையும் இணைக்கும் பட்டை எங்கோ விட்டிருக்கலாம். அடுத்து, பேரலை மாட்டி, முன்கட்டையை எடுத்துவிட்டு ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆடினால் மூட்டு தேய்ந்திருக்கிறது.

உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்த்தால் துருக்குழிகள் தெரியும். நம்ம ஊர் உப்புக்காற்றுக்கு இது சகஜம். துருவை எடுக்கிறேன் என்று யாராவது பாலீஷ் போட்டே பேரலை மெலிசாக்கியிருக்கலாம். சுவரின் தடிமனைக் கருவி வைத்து அளக்கச் சொல்லுங்கள். அரை மில்லிமீட்டரை நெருங்கிவிட்டால் சுடும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். உள்ளே பளபளப்பாக இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது.

தோட்டா அறையின் நீளமும் முக்கியம். பழைய பிரிட்டிஷ் 12 போர்களில் பெரும்பாலும் 65 மி.மீ, இன்றைய தோட்டாக்கள் பெரும்பாலும் 70 மி.மீ. உள்ளே போகும், ஆனால், சுடும்போது அழுத்தம் எகிறும். 'உள்ளே போகுதே' என்பது பாதுகாப்புக்கு அத்தாட்சி இல்லை.

கடைசியாக, ஸ்க்ரூக்களைப் பாருங்கள். நல்ல கைவேலையில் ஸ்க்ரூ தலைக் கோடுகள் எல்லாம் ஒரே திசையில் இருக்கும். கோடு சிதைந்திருந்தால், கண்டவர்களும் கழற்றியிருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளலாம்.

சரி, வெச்சுக்கலாமா?

முத்திரை சரி, மூட்டு ஆடவில்லை, பேரல் தடிமன் இருக்கிறது என்றால், பெயரே தெரியாத அந்தத் துப்பாக்கி, பேரல் தேய்ந்துபோன பிரபல பிராண்டைவிட மேல். லைசென்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளலாம். வேண்டாம் என்றால், லைசென்ஸ் உள்ளவருக்கு டீலர் மூலமாக முறைப்படி விற்கலாம்.

ஆனால் வேட்டை ஆசை மட்டும் வேண்டாம். 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் அதற்கு எப்போதோ முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுடுகிறார்கள் என்று செங்கல்பட்டு கலெக்டர் வரை போய் முறையிட்டு, 1798-லேயே பாதுகாப்பு வாங்கிய வேடந்தாங்கல் மக்கள் நம்ம பக்கத்து ஊர்க்காரர்கள்தான்!