உங்களுக்குத் தெரியுமா? சுழல மறுக்கும் சாவி
பழைய மினிவேனில் இக்னிஷன் சாவி சுழலாவிட்டால், பூட்டே பழுதாகிவிட்டது என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. சாவியை எடுத்தபின் ஸ்டியரிங் தண்டைப் பிடித்துக்கொள்ளும் திருட்டுத் தடுப்பு முளை, முன்சக்கரம் நடைபாதை விளிம்பில் அழுந்தி நிற்கும்போது பளுவேறி இறுகிவிடுவதால், ஸ்டியரிங்கை இருபுறமும் மெல்ல அசைத்தபடியே சாவியைத் திருப்பினால் அது பெரும்பாலும் விடுபடும். அப்போதும் திரும்பாவிடில், பூட்டு உருளைக்குள் வில்லழுத்தத்தில் நிற்கும் சிறு தகடுகளோ, அவற்றை உரிய உயரத்துக்கு நகர்த்தும் சாவியின் வெட்டுகளோ தேய்ந்திருக்கக்கூடும். தேய்ந்த சாவியைப் பார்த்து வெட்டிய நகல் அத்தேய்மானத்தையும் சேர்த்தே பெறும் என்பதால், தயாரிப்பாளரின் சாவிக் குறியீட்டெண்ணைக் கொண்டு புதிதாக வெட்டுவிப்பதே முறை. சாவி வெளியே வர மறுப்பதற்குக் காரணம் வேறு: தானியங்கி கியர் வண்டிகள் பலவற்றில், கியர் நெம்புகோல் ‘பார்க்’ நிலையில் முழுமையாக அமரும்வரை சாவியை விடாத இணைப்புப் பூட்டு ஒன்று உண்டு.